வண்டியும் வழியும்: பிரேக்கைத் தின்பது யார்?



இந்த முறை பேட்டரியைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்குள் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக அது என் மேசை மேலேயே கிடக்கிறது. பேட்டரி எங்கும் ஓடிவிடாது. கடிதத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மகனுக்கு 22 வயது. பட்டணத்துத் தொழிற்சாலையில் மாலை நேர ஷிப்ட். சேர்த்து வைத்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். காலையில் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறான். இரவு வேலை முடிந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பி வரும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிடுகிறது. இனி அவர் வார்த்தைகளிலேயே படியுங்கள்:

"ஐயா, ஒரு வருடத்தில் இரண்டு தடவை முன் பிரேக் பேட் மாற்றியாகிவிட்டது. இந்தக் காரில் சறுக்காமல் பிடிக்கிற சாமான் ஏதோ இருக்கிறதாம். அது தானாகவே பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் பேட் தேய்கிறதாம். கூட்டாளி ஒருவன் சொன்னான் என்று இவன் பியூசைப் பிடுங்கிவிட்டான். இப்போது ஸ்டீயரிங்குக்கு முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு எந்நேரமும் எரிகிறது. கேட்டால், 'பேட் காசு மிச்சம்மா' என்கிறான். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விளக்கு எரிகிற வண்டியில் பிள்ளைகள் ஏறிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் எழுதினால் படிப்பான்."

அம்மா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதாதீர்கள். விளக்கு எரிந்தால் ஏதோ சரியில்லை என்பது தெரிந்தாலே பாடத்தில் முக்கால் பங்கு முடிந்தது. மீதிக் கால் பங்கை உங்கள் மகனுக்குச் சொல்கிறேன். தம்பி, அம்மா பக்கத்தில் இருந்தால் உரக்கவே படி.

உன் கூட்டாளி சொன்ன சாமானுக்கு ஈ.எஸ்.சி. என்று பெயர். புரோட்டோன் கார்களில் அப்படித்தான் சொல்வார்கள். பெரோடுவாவும் டொயோட்டாவும் வி.எஸ்.சி. என்பார்கள், ஹோண்டாவில் வி.எஸ்.ஏ. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

அந்த வேலை என்ன என்பதை அறிய நீ பட்டணத்துக்குப் போக வேண்டாம். தோட்டத்து டிராக்டரைப் பார். பிரேக்குக்கு இரண்டு மிதி இருக்கும். ஒன்று இடப் பின்சக்கரத்துக்கு, மற்றது வலப் பின்சக்கரத்துக்கு. செம்பனை வரிசையின் கடைசியில் குறுகலாகத் திரும்ப வேண்டும் என்றால், டிராக்டர்காரர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே உள்பக்கத்து மிதியை மட்டும் அமுக்குவார். ஒரு சக்கரம் நிற்கும், மற்றது சுற்றும், வண்டி பொசுக்கென்று மூக்கைத் திருப்பிக்கொள்ளும். தார்ச் சாலைக்கு வந்ததும் இரண்டு மிதியையும் கொக்கி போட்டு ஒன்றாக்கிவிடுவார். ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஈ.எஸ்.சி. அதையேதான் செய்கிறது, மனிதக் காலுக்குப் பதிலாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் மிதிக்கிறது.

நீ ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பினாய் என்பதை ஒரு கருவி பார்க்கிறது. கார் உண்மையிலேயே எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை இன்னொன்று பார்க்கிறது. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை மற்றொன்று அளக்கிறது. நான்கு சக்கரமும் சுற்றும் வேகத்தை நான்கு கருவிகள் கணக்கெடுக்கின்றன. ஓட்டுகிறவன் போக நினைப்பதும் கார் போவதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு வினாடிக்கு 25 முறை அது ஒத்துப் பார்ப்பதாக இதைத் தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். ஒன்றாக இருக்கும்வரை அது சும்மாதான் இருக்கும். பிரேக்கைத் தொடாது.

வளைவில் நீ ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேராக வாய்க்காலைப் பார்த்துப் போகிறது என்று வைத்துக்கொள். அப்போது உள்பக்கத்துப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். டிராக்டர்காரர் செய்கிற அதே வேலை. முன்பக்கம் திரும்பிவிட்டது, ஆனால் வால் வெளியே வீசுகிறது என்றால் வெளிப்பக்கத்து முன்சக்கரத்தைப் பிடித்து, வீசுகிற வாலை நேராக்கும். தேவைப்பட்டால் இன்ஜினின் வேகத்தையும் தானே குறைக்கும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தொடங்கிவிடும். உனக்குத் தெரிவது, முன்னால் சறுக்குகிற கார் போட்ட விளக்கு விட்டு விட்டு மின்னுவதும், அடியில் கர்ரென்று ஒரு சத்தம் கேட்பதும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து பட்டறைக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1995-ல் ஜெர்மனியில் போஷ் நிறுவனமும் மெர்செடிஸ் நிறுவனமும் இதை விலை உயர்ந்த கார் ஒன்றில் முதலில் வைத்தன. பணக்காரர் சாமானாகவே அது இருந்திருக்கும். ஆனால் 1997-ல் சுவீடன் நாட்டில் ஒரு கூத்து நடந்தது. அங்கே சாலையில் திடீரென்று பெரிய காட்டு மான் குறுக்கே வருவது வழக்கம். நமக்கு மாடும் காட்டுப்பன்றியும் வருவதுபோல. அப்படி வந்தால் கார் ஒடித்துத் திரும்புமா என்று சோதிக்கிற பத்திரிகை ஒன்று, மெர்செடிஸின் புதிய சின்னக் காரான ஏ-கிளாஸை ஓட்டிப் பார்த்தது. கார் கவிழ்ந்து போனது. உலகமெல்லாம் சிரித்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்தச் சின்னக் காரிலும் இந்தச் சாமானை எல்லா வண்டிக்கும் வைத்தது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார் எதுவாக இருந்தாலும் இது இருந்தாக வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் நாட்டில் 2014-ல் வந்த புரோட்டோன் ஐரிஸ் காரின் எல்லா ரகத்திலும், 2017 கடைசியில் வந்த புதிய பெரோடுவா மைவியின் எல்லா ரகத்திலும் இது உண்டு. அதற்கு முந்திய சின்னக் கார்கள் பலவற்றில் கிடையாது. பழைய கார் வாங்குகிறவர்கள் நிறத்தையும் ரேடியோவையும் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டால் நல்லது.

அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2007-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. வேறு வண்டி மோதாமல், தானாகவே சாலையை விட்டு ஓடி விபத்தாகும் கார்களில் 34 விழுக்காட்டை இது தடுக்கும் என்றது. உயரமான எஸ்.யு.வி. வண்டிகளுக்கு அந்தக் கணக்கு 59 விழுக்காடு. தம்பி, நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு தனியாக நீ ஓட்டி வருகிற சாலையை நினைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்னொரு தடவை படி.

சரி, பிரேக் பேடுக்கு வருவோம். உன் கூட்டாளி சொன்னது முழுப் பொய்யா என்றால், இல்லை. ஈ.எஸ்.சி. வேலை செய்யும்போது பேட்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. பிடித்தால் தேயத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாமா? ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு அது வேலை செய்வதே அபூர்வம். செய்தாலும் ஒரு சக்கரத்தை அரை வினாடி, ஒரு வினாடி பிடித்துவிட்டு விட்டுவிடும்.

இதோடு ஒப்பிட்டுப் பார். கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பா வரை சுமார் 60 கிலோமீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்குகிறது என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமமான சக்தி எங்காவது போய்த் தீர வேண்டும். காற்றும் டயரும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கினால் மீதியில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் வழி நெடுகப் பிரேக்கில் கால் வைத்து இறங்கினால், இன்ஜின் சுமக்க வேண்டியதும் சேர்ந்து பேடின் தலையில்தான் விழும். கேமரன் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற வாசகர்களுக்கு அந்தக் கருகல் வாடை பழக்கமானது. ஒரு வருடம் முழுக்க ஈ.எஸ்.சி. தேய்க்காத பேடை அப்படி ஓட்டுகிற இரண்டு மூன்று பயணம் தேய்த்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள். தேய்மானத்தில் பெரும்பங்கு சாமானில் இல்லை, ஓட்டுகிறவன் காலில்தான் இருக்கிறது.

அப்படியானால் உன் காரில் மட்டும் ஏன் ஒரு வருடத்தில் இரண்டு செட் போனது? காரைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, அதை மேலே நான் போடவில்லை: "லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் மழைக் காலத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்."

அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈ.எஸ்.சி. உள்ள கார்களில் அதற்கு ஒரு தம்பி உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றினால் அந்தச் சக்கரத்தைப் பிடித்து, பலத்தை மறு சக்கரத்துக்குத் தள்ளுவது அதன் வேலை. உன்னுடையது முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால், மேட்டில் நீ எண்ணெயை அமுக்க அமுக்க, சுற்றுகிற முன்சக்கரத்தை அது பிடித்துக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இன்ஜினும் பிரேக்கும் மல்லுக்கட்டினால் முன் பேட் சூடாகித் தேயும். அந்தச் சேறும் மணலும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்து உப்புத்தாள் மாதிரி அராவும். இது ஈ.எஸ்.சி.யின் குற்றமா, மேட்டின் குற்றமா, உன் காலின் குற்றமா என்று நீயே சொல். மேட்டுக்குக் கீழேயே தாழ்ந்த கியர் போட்டு, ஒரே சீராக எண்ணெய் கொடுத்து, நிற்காமல் ஏறு. அந்த மேட்டுக்கு இரண்டு லோரி கல் கொட்டச் சொல்லி நாலு குடும்பம் சேர்ந்து தோட்ட அலுவலகத்தில் கேட்பதிலும் தப்பில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சொல்லப்போனால் இதுதான் பெரிய சந்தேகம். பேடைப் பிடித்திருக்கிற கேலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின்கள் இருக்கும். அவற்றின் ரப்பர் உறை கிழிந்து செம்மண் தண்ணீர் உள்ளே போனால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு நீ காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாது, உரசிக்கொண்டே வரும். பட்டறையில் அவசரமாகப் புதுப் பேடை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டால் ஆறு மாதத்தில் அதுவும் போகும். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தியபின், சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலாக இருந்தால், ஒரு பக்கத்து ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்திருந்தால், திருடன் அங்கேதான் இருக்கிறான். இந்தத் திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறாய்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சில வகைக் கார்களில், சறுக்கல் வருவதற்கு முன்பே, வளைவு தோறும் உள்சக்கரத்தை லேசாகப் பிடித்துத் திரும்ப உதவுகிற ஏற்பாடு இருக்கிறது. அந்தக் காரை வளைவுகளில் விரட்டி ஓட்டுகிறவர்களுக்குப் பேட் சீக்கிரம் தேயும் என்பது உண்மை. இப்போதைய கார்கள் பின் பிரேக்குக்கும் பழைய கார்களைவிட அதிக வேலை கொடுப்பதால், "முன்னால்தானே முதலில் தேயும்" என்ற பழைய கணக்கும் சில கார்களில் பொய்யாகிறது. அதைக் கண்டு பழைய ஆட்கள் குழம்புவதுண்டு.

இப்போது பியூஸ் விஷயம். இதை நான் கோபமாகவே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். சறுக்கல் தடுப்புக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். சேற்றில் சிக்கிக்கொண்டால் அதை அமுக்கி நிறுத்தி, வெளியே வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான கார்களில் இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது தானாகவே வந்துவிடும். ஆனால் பியூசைப் பிடுங்குவது வேறு கதை. ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.சி. எல்லாம் ஒரே பெட்டியில்தான் வேலை செய்கின்றன. ஒன்றைக் கொன்றால் மற்றதும் சாகும். அம்மா பார்த்த இரண்டு மஞ்சள் விளக்கில் ஒன்று அதைத்தான் சொல்கிறது. பிரேக் பிடிக்கும், ஆனால் பழைய காலத்து வண்டி பிடித்த மாதிரி. மாடு குறுக்கே வந்து நீ காலை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பூட்டிய முன்சக்கரத்தோடு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்தக் காரை எடுக்கவே எடுக்காதே.

அதோடு டயர். ஈ.எஸ்.சி. பிடிக்கிற சக்கரம் சாலையைப் பிடித்தால்தான் அதற்குப் பலன். டயர் வழுக்கை என்றால் எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. டயரின் காடிகளுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னத் திட்டுக் குறிகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புது டயர் இரண்டையும் பின்னால் போடு. முன்சக்கரம் இழுக்கிற காருக்கும் இதுதான் சரி. பலர் மாற்றிச் செய்கிறார்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் சறுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். வால் வீசினால் அனுபவசாலியும் தோற்றுப்போவான்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. 1984-ல் ஒரு பிக்-அப் வண்டியில் என் மைத்துனரையும் அவர் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேகம் 70-க்கு மேல் இல்லை. பின் டயர் இரண்டும் வழுக்கை. அது எனக்குத் தெரியும். தீபாவளிக்குப் பணம் கைக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். ஒரு சாதாரண வளைவு, தினமும் போகிற வளைவு. வால் வீசியது தெரிந்தது. நான் ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்புவதற்குள் வண்டி பக்கவாட்டில் போய் ஒரு பால்மரத்தில் மோதி நின்றது. எனக்கு நெற்றியில் நான்கு தையல். மைத்துனரின் முழங்கால் அதன் பிறகு முழுசாக மடங்கவே இல்லை. வெட்டுக்காரர் அவர், குனிந்து எழுந்து மரம் சீவிய மனிதர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. டயர்க் காசு எவ்வளவு மிச்சமானது என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அன்றைக்கு வெளி முன்சக்கரத்தை அரை வினாடி பிடித்துவிட எனக்கு எந்தச் சாமானும் இல்லை. உனக்கு இருக்கிறது, தம்பி. அதைப் பிடுங்கி டேஷ்போர்டு டிராயரில் போட்டிருக்கிறாய்.

வேலை இல்லாத நாள் பார்த்து இப்படிச் செய். முதலில் பியூசை அதே இடத்தில் மாட்டு. அதில் எழுதியிருக்கிற ஆம்பியர் எண் மாறக் கூடாது. சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்குகள் ஒரு தடவை எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உள்ளே ஏதோ கருவி கெட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற பட்டறைக்குப் போ. அணைந்துவிட்டாலும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் முன் சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல். கேலிப்பர் பின்களை வெளியே இழுத்து, துடைத்து, அதற்குரிய கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பரை மாற்றச் சொல். பேட் புதிதில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினாய்? நம் ஊர் ஈரக் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அந்தத் தண்ணீர் ஏ.பி.எஸ். பெட்டிக்குள் துருவை உண்டாக்கினால், அதற்கு ஆகிற செலவில் பேட் பல செட் வாங்கலாம்.

கழற்றிய பழைய பேடுகளை அங்கேயே தூக்கிப் போட விடாதே. எந்தப் பேட் எந்தச் சக்கரத்தில் இருந்தது, உள்ளேயா வெளியேயா என்று எழுதி, பழைய பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வா. ஒரே சக்கரத்தில் உள் பேட் ஒரு கனம், வெளிப் பேட் ஒரு கனம் என்றால் பின் இறுகியதுதான் காரணம். ஒரு பக்கத்து ஜோடி மட்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சேற்று மேட்டையும் எண்ணெய் அமுக்குகிற உன் காலையும் சந்தேகப்படு. நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், நீ எப்படி ஓட்டுகிறாய் என்று பின்சீட்டில் உட்காருகிற உன் தங்கையைக் கேள்.

அம்மா, சாவியைத் திருப்பும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். விளக்கு எரிந்து அணைந்ததா, இல்லையா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பேட்டரியைப் பற்றி அதன் பிறகு எழுதுகிறேன்.